டாப்பட் சத்தத்துக்கு கெட்டி ஆயில் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் இன்ஜினில் விடாமல் 'டிக் டிக்' என்று சத்தம் வருவதாகக் கேட்ட வாசகருக்கு, கெட்டியான ஆயில் ஊற்றிப் பாருங்கள் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. நெடுங்காலம் இன்ஜின் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் அமுக்கலாம், காரணம் அப்படியே இருக்கும். அதோடு, குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் மேலே ஏறி வரத் தாமதமாகும். அந்த இடைவேளையில் தேய்வது, வால்வைத் திறக்க வைக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேமும், அந்த மேட்டின் தள்ளலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் லிஃப்டரும்தான். டாப்பட் என்பதும் இந்த லிஃப்டரைத்தான்.

ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு பிளஞ்சர் (ஏறி இறங்கும் சின்ன பிஸ்டன்), ஒரு ஸ்பிரிங், ஆயிலைத் திரும்ப விடாத ஒரு சின்ன பால் வால்வு. உள்ளே நிறையும் ஆயில்தான் வால்வுப் பக்கத்து இடைவெளியை இல்லாமல் செய்கிறது. ஆயில் போதாமல் போனாலோ, அதில் காற்று கலந்தாலோ, பால் வால்வில் அழுக்கு மாட்டினாலோ பிளஞ்சர் அமுங்கிவிடும். வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர் அடிக்கும் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே முதலில் ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும் என்பது பலருக்கும் தெரியும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அதே கதைதான்: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அமுங்கும், லிஃப்டரைத் தாங்காது. இரவு முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் சில நொடி சத்தம் போட்டு அடங்கினால் அதற்குக் கவலை வேண்டாம்.

அடுத்தது, அது லிஃப்டர் சத்தம்தானா என்பது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். அதனால் ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில், கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று (800 ஆர்பிஎம்) சுற்றும்போது ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 முறைதான் தட்டும். கிராங்கின் வேகத்தில் வரும் சத்தத்திலிருந்து பழகிய காது இதைப் பிரித்துவிடும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் சத்தம் கனமானது, கீழிருந்து வரும். பெட்ரோல் இன்ஜினில் சத்தம் வரும் சிலிண்டரின் பிளக் ஒயரை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குறையும். லிஃப்டர் சத்தம் அதற்கு அசையாது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்பில் உள்ள கேஸ்கெட் கசிவும் ஏறக்குறைய இதே 'டிக் டிக்'தான். ஆனால் இன்ஜின் சூடேறியதும் அடங்கும், கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். இதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றுவது வீண் வேலை.

சூடான பிறகு, ஐட்லிங்கில் மட்டும் சத்தம் என்றால் லிஃப்டரைக் குறை சொல்லும் முன் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். பேரிங் தேய்ந்தாலும் பம்ப் தேய்ந்தாலும் அழுத்தம் குறையும். அந்த நிலையில் புது லிஃப்டர் போட்டாலும் தட்டத்தான் செய்யும்.

அழுத்தம் சரி, ஒரே இடத்தில்தான் சத்தம் என்றால் அப்புறம் இன்ஜின் மேலுள்ள வால்வு கவரைத் திறக்கலாம். இன்ஜினை நிறுத்தி, கேமின் வட்டப் பகுதி லிஃப்டர் பக்கம் இருக்கும்படி வைத்து ராக்கரை அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் அந்த லிஃப்டர் ஆயிலைப் பிடித்து நிறுத்தவில்லை. கேமின் மேடு தேய்ந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. அழுக்கு மட்டும்தான் காரணம் என்றால் கம்பெனி சொன்ன கிரேடில் நல்ல ஆயில் மாற்றி ஓட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். இன்ஜினின் உள்ளே கழுவும் வீரியமான ஃப்ளஷ் திரவத்தைப் பழைய இன்ஜினில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

கழற்றும் லிஃப்டர்களை வரிசை மாறாமல் வையுங்கள். தட்டை அடி லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்தது. இடம் மாற்றினால் இரண்டும் கெடும். புது கேம் போட்டால் லிஃப்டரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த வாசகரின் இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் வகையா, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு வைத்து அட்ஜஸ்ட் செய்யும் சாதா டாப்பட்டா என்று பதிலில் யாரும் கேட்கவே இல்லை. சாதா டாப்பட்டில் லேசான சத்தம் இருப்பது இயல்பு. அதை ஒழிக்கிறேன் என்று இடைவெளியை இறுக்கினால் வால்வு முழுதாக உட்காராது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போகும். தயவுசெய்து அவரிடம் இதைக் கேட்டு, பதிலைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்ஜின் மெக்கானிக் ஒருவர்