ரேஷன் அரிசியைக் கடையில் வாங்கின கதை

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது காப்பிக்களத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாயே, அது கண்ணிலேயே நிற்கிறது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. களத்தில் இரண்டு கோடு வரும். அங்கேயும் நீ தேடின அந்த ஆய்வுக் கட்டுரை திறக்காமல் 40 டாலர் கேட்டது. "ஹாஸ்டல்ல தானா திறந்துச்சுப்பா" என்றாய். மிளகு விற்ற காசு இருக்கிறதே என்று நானும் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

போன வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் லீ பஜார் போனேன். வேலை முடிந்ததும், கல்லூரி நூலகத்தில் இருந்து ரிட்டயரான என் கூட்டாளியைப் பார்த்தேன். தட்டுவடை செட் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தப் பத்திரிகைக்கு அவ யூனிவர்சிட்டியே சந்தா கட்டியிருக்கும்டா!"

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எஸ்டேட்டுக்குள் நடமாடுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியே போய்விட்டு வந்தால், இத்தனை வருஷம் கணக்கு எழுதின என்னிடமே வாட்ச்மேன் சீட்டு கேட்பான். பதிப்பகத்தின் கணினியும் அப்படித்தான். வளாகத்து இணையத்தின் ஐபி எண்ணை, அதாவது எந்த இணைப்பிலிருந்து வருகிறாய் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தால் சந்தா கட்டிய இடத்து ஆள் என்று திறந்துவிடும். நம் களத்து மொபைல் நெட்டில் போனால் நீ யாரோ எவரோ.

அதனால் ஊருக்கு வந்தால் கூகுளில் தேடி நேரே பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போகாதே. நூலகத்தின் பக்கத்தில் வெளியிலிருந்து படிப்பதற்கென்று லாகின் இருக்கும். அதில் நுழைந்து அந்த வழியாகவே கட்டுரைக்குப் போ. மேலே தெரிகிற முகவரியை நகலெடுத்து வைத்தால், லாகின் காலாவதியான பிறகு பல நேரம் திறக்காதாம். கட்டுரைக்கென்று தனியாகக் கொடுத்திருக்கிற அடையாள எண், டிஓஐ என்பார்கள், அதை நோட்டில் குறித்து வை; அது மாறாது. மின்நூலில் இன்னொரு சங்கடம். சிலதை ஒரே நேரத்தில் ஒருவரோ மூவரோதான் திறக்க முடியும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி வகுப்பே வந்து முட்டினால் என்ன ஆகும்? உன் பழக்கம் தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொன்னான். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மத்திய அரசே 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களுக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறதாம். உன்னுடையது மத்தியப் பல்கலைக்கழகம். நான் கார்டைத் தேய்த்தது, ரேஷனில் கிடைக்கிற அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்கின கதைதான்.

அதிலும் இல்லையென்றால் நூலகருக்கு இரண்டு வரி எழுது. வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர வழி இருக்கிறதாம். நம் நாட்டு ஆய்வேடுகள் என்றால் 'சோத்கங்கா' என்கிற இணையதளம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீ எழுதமாட்டாய், எனக்குத் தெரியும். சின்னதில் கடைக்காரரிடம் பென்சில் கேட்கக்கூட என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு யோசிக்காமல் கார்டைக் கொடுத்ததே அதனால்தான். இவ்வளவு படித்த பிறகும் என்னிடம் வந்து கேட்கிறாளே என்று ஒரு சந்தோஷம்.

இருந்தாலும் இனி முதலில் நூலகரைக் கேள்.

காப்பித்தூள் ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். சிக்கரி கலக்கவில்லை.

அப்பா