பென்சிலுக்கு முன்னால் களிமண்

பாபநாசம்,
புரட்டாசிக் கடைசி.

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். குறுவை அறுப்பு முடியப்போகிறது, ஈரநெல்லை ரோட்டில் பரப்பிக் காயவைக்கும் பாடு வழக்கம்போல.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பொறுப்பு உன் தலையில் விழுந்ததா? நல்லதுதான். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் இந்த வகுப்புகளைத் தொடங்கினார்கள். பெயர் எல்.கே.ஜி. என்றாலே பெற்றோர் நோட்டைத் தேடுவார்கள். "தனியார் பள்ளிப் பிள்ளை ஏபிசிடி எழுதுது, இங்க விளையாட்டுதானா?" என்பார்கள். அதற்குப் பயந்து மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிப்பதில்தான் திட்டம் பாழாகிறது.

அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுசாக உருவாகியிருக்காது. விரலுக்குப் பலம் இல்லாததால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். அந்தப் பிடி ஊறிவிட்டால் ஒன்றாம் வகுப்பில் மாற்றுவதற்குள் உன் உயிர் போய்விடும். ஆகவே முதலில் களிமண். வாய்க்காலில் நேராக வெட்டாதே, நத்தைக் கூடும் கண்ணாடிச் சில்லும் வரும். பானை செய்கிறவர்களிடம் பிசைந்த மண்ணாகவே வாங்கு. பிள்ளைக்கு ஓர் எலுமிச்சை அளவு போதும். மிச்சத்தை ஈரத்துணி போட்டு மூடிவை, இல்லாவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும். முதலில் உருண்டை, பிறகு பாம்பு, பாம்பை மடக்கினால் ட, ப. நேர்கோட்டு எழுத்துகள் முதலில் வரட்டும். 'அ'வின் சுழிக்கு அவசரமே இல்லை.

அடுத்தது சுவர். தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரம் வரை கரும்பலகை பெயிண்ட் அடித்துவிடு. நின்றுகொண்டு கிறுக்கினால் தோளும் பழகும். முழு சாக்பீஸ் தராதே. சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் தானாக வேலைக்கு வந்துவிடும்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வேண்டாம், மூக்குக்குள் போய்விடும். குன்றிமணி நஞ்சு, அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஐஸ் குச்சியும் கொட்டாங்குச்சியும் போதும். நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "ஏழு குச்சி எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பார், கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும். ஐந்துக்குள் பிசகாமல் எடுக்கப் பழகிய பிறகு மேலே போ.

வாரம் முழுக்க ஒரே கதை. திங்களன்று நீ சொல், புதனன்று பிள்ளைகள் நடிக்கட்டும், வெள்ளியன்று படத்தைப் பார்த்து அவர்களே சொல்லட்டும். ஒரே மூச்சில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்காதே.

அடுப்பும் சிலிண்டரும் வகுப்பறைக்குள் தடுப்பு மறைவில் இருந்தால், மற்றதெல்லாம் அப்புறம். வெளியே மாற்றச் சொல்லி முதலில் எழுத்தில் கொடு. 2004 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை நம் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 94 பிள்ளைகள்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, ஆனால் 1 முதல் 5 வகுப்பு வரைதான். சம்பா நடவில் அம்மா விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவாள். அக்காவோடு வரும் சின்னது, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். நடவு தொடங்குமுன் அங்கன்வாடி பணியாளரிடம் இதைப் பேசிவை. காய்ந்த வயிற்றுக்குக் கதை ஏறாது.

ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது ஒரு சங்கடம் வரும். அங்கே 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள் அல்லவா? எழுத்தைப் பார்த்து வரையத் தெரிந்தாலே மேலே உள்ள பிரிவில் போட்டுவிடப் பார்ப்பார்கள். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறதா, பத்துக்குள் சரியாக எண்ணி எடுக்கிறதா, தன் பெயரின் முதல் எழுத்தை வேறிடத்தில் பார்த்தாலும் கண்டுபிடிக்கிறதா என்பதைப் பிள்ளைக்கு ஒரு வரியாக எழுதி அந்த டீச்சர் கையிலேயே கொடு. பதிவேட்டில் மட்டும் இருந்தால் யாரும் புரட்டமாட்டார்கள்.

அறையின் நீள அகலத்தையும் கதவு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி அனுப்பு. பெயிண்டை எந்தச் சுவரில் அடிக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜி