இரும்புச்சத்து ட்ரிப்ஸ் ஓடும் அறையில் அட்ரினலின் எங்கே?

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்களுக்கும்,

வணக்கம். ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளுக்கு ஐயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றுவது தேவையான சிகிச்சை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் வந்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். அந்த நேரத்தில் கை முதலில் அவில் என்ற அலர்ஜி ஊசிக்கும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்கும் போகிறதே, அதை மாற்றத்தான் இந்த மடல்.

அவில் அரிப்பைத்தான் அடக்கும். இறங்கும் பிரஷரை ஏற்றாது, இறுகும் மூச்சுக்குழாயைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும். முதல் மருந்து அட்ரினலின்தான்: 1 மி.கி. ஆம்பூலில் பாதி, அதாவது 0.5 மி.லி., நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். ஓடும் ஐயர்ன் சுக்ரோஸை நிறுத்துங்கள், நரம்பில் போட்ட வென்ஃப்ளான் ஊசிக்குழாயை எடுத்துவிடாதீர்கள், சலைனை வேகமாக ஏற்ற அது வேண்டும். கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுங்கள். உட்காரவோ நடக்கவோ விடாதீர்கள். ரத்தம் கால்களுக்கு இறங்கி இதயமே நின்றுபோகலாம்.

முகம் சிவப்பது, நெஞ்சு இறுகுவது, முதுகு வலிப்பது எல்லாம் ஒவ்வாமை ஆகிவிடாது. பிரஷர் சரியாக இருந்து, வீசிங்கும் தடிப்பும் இல்லையென்றால், ட்ரிப்ஸை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். 15 நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடரலாம். இங்கே அவசரப்பட்டு அவில் போட்டால் மயக்கமும் பிரஷர் இறக்கமும் வந்து, இல்லாத ஆபத்து இருப்பதுபோலக் காட்டும்.

வேகமும் முக்கியம். ஃபெருமாக்சிடால் என்ற இன்னொரு இரும்புச்சத்து ஊசியை அமெரிக்காவில் 17 நொடியிலேயே செலுத்தி வந்தார்கள். பதிவான 79 கடும் ஒவ்வாமைகளில் 18 பேர் இறந்தார்கள். 2015இல் அதை நீர்த்து, குறைந்தது 15 நிமிடம் ஏற்றச் சொன்னது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. ஐயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி. என்றால் 200 மி.லி.க்கு மிகாத நார்மல் சலைனில் அரை மணி நேரம் ஓடட்டும். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க முதலில் கொஞ்சமாகக் கொடுக்கும் டெஸ்ட் டோஸை நம்ப வேண்டாம். அதைத் தாங்கியவர்களுக்கும் பின்னால் ஒவ்வாமை வந்திருப்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

துறையிடம் கேட்பது இவ்வளவுதான். ட்ரிப்ஸ் ட்ரேயிலேயே இரண்டு ஆம்பூல் அட்ரினலின், 1 மி.லி. சிரிஞ்ச், பெரிய எழுத்தில் ஒட்டிய அளவு. முதல் 10 நிமிடம் ஒரு செவிலியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முடிந்தபின் 30 நிமிடம் கண்காணிப்பு. பூட்டிய அலமாரியில் இருக்கும் அட்ரினலின் இல்லாததற்குச் சமம். ஆம்பூல் பழுப்பாகிவிட்டதா, காலாவதியாகிவிட்டதா என்பதை வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு, மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்