மருமகனின் சைலன்சர்

விசுவமடு,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது மச்சான். 2022 இல் இங்கிலாந்தில், பிரட்போர்ட்டில் தொடங்கி, ஒலிவாங்கியும் கமராவும் சேர்த்து வைத்துச் சத்தமான வாகனங்களைப் பிடித்துப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாய். அது இங்கே வந்திருந்தால் முதலில் பிடிபட்டிருப்பவன் என் மருமகன்தான்.

ஆவணியில் அவன் தன் மோட்டார் சைக்கிளைக் கராச்சில் விட்டு, சைலன்சருக்குள் இருந்த தட்டுகளை வெட்டி எடுத்துவிட்டான். இழுவை கூடுமாம். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அப்படியொன்றும் கூடாது. எஞ்சினிலிருந்து விட்டுவிட்டு வரும் சூடான வாயுவின் அடியை உடைத்து அடக்குவதே அந்தத் தட்டுகள்தான். அவை போனால் மிஞ்சுவது சத்தம் மட்டுமே.

முதல் நாள் அவன் ஒழுங்கைக்குள் திரும்பி முறுக்கியதும் படபடவென்று வெடித்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைப் போட்டுவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டா. எழுப்ப வெகுநேரம் பிடித்தது. 2009 இல், போர் நடந்தபோது, அவன் கைக்குழந்தை. பங்கருக்குள் அம்மாதான் அவனை மடியில் வைத்திருந்தா. அவனுக்கு அது நினைவில்லை. அம்மாவுக்கு மறக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1951 இலேயே வந்தது. 2025 தையில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற அரசாங்கத் திட்டத்தில் பொலிஸார் மாற்றியமைத்த வாகனங்களை மறித்தபோது, பஸ்காரர் எதிர்த்தார்கள். சத்தம் போடும் சைலன்சர்களும் அந்தச் சோதனையில் அடக்கம். ஆனால் வருடா வருடம் வாகன வரிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைச் சான்றிதழில் புகையைத்தான் அளக்கிறார்கள், சத்தத்தை அல்ல. அங்கேயே அதையும் அளக்கவேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் நாட்டின் 1986 விதியில் சத்தம் கூடும்படி சைலன்சரை மாற்றவே கூடாது என்றிருக்கிறதாமே, அதுதான் சரி. வீதியில் பெடியனுக்குத் தண்டம் எழுதுவதோடு நிற்காமல், வெட்டிக் கொடுக்கிற கராச்சையும் கேட்கவேண்டும்.

நான் அவனை ஏசவில்லை. பங்கர்க் கதையை மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போனான். இரண்டு நாளில் பழைய சைலன்சரைத் தேடி வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்தான்.

கால போகத்துக்கு விதைத்தாயிற்று. சித்திரைக்கு வருவாய்தானே? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா.

அன்புடன்,
சிவா