ஒரு வருடம் போதாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் உடல் பருமன் அறுவை சிகிச்சை பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கடைசிப் பத்தியில், "ஒரு வருடம் சத்து மாத்திரை எடுத்துக்கொண்டால் போதும், பிறகு எல்லோரையும் போல இருக்கலாம்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அதே மாதிரி 'போதும்' என்று நினைத்துத்தான் நான் விரல் உணர்ச்சியைப் பறிகொடுத்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். 2018இல் 116 கிலோ இருந்தேன், சர்க்கரை வேறு. ஒரு தனியார் மருத்துவமனையில், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலின் வழியை மாற்றும் பைபாஸ் முறையில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. எடை இறங்கியது, சர்க்கரை மாத்திரையே நின்றது. ஆனால் சத்து மாத்திரை ஆயுசுக்கும் என்று அங்கே யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அப்புறம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாதம் மரத்தது, பழைய சர்க்கரையின் வேலை என்று நினைத்தேன். தைக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சரிசி வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பேன். ரத்தம் குறைந்தால் அரிசி கேட்கும் என்பது எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியும். "சுவரொட்டி வாங்கிச் சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று ஆட்டு மண்ணீரலைச் சொன்னார்கள். எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கறி வாசனையே குமட்டும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலை டீயோடு விழுங்கினேன். டீ இரும்பைச் சேரவிடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் கல்யாணப் பெண்ணின் சந்தன நிறப் பட்டு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. எங்கிருந்து வந்த கறை என்று பார்த்தால், ஊசி என் இடது கட்டைவிரலில் ஏறி நிற்கிறது. வலிக்கவே இல்லை ஐயா.

மறுநாள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்திருந்தது. "வயித்துல ஏதாவது ஆபரேஷன் பண்ணீங்களாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஹீமோகுளோபின் 6.9. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. வைட்டமின் பி12 அதைவிட மோசம். சீட்டின் பின்பக்கம் குடலை வரைந்து காட்டினார். இரும்பு அதிகம் சேர்வது முன்சிறுகுடலில்; என் சாப்பாடு இப்போது அந்த வழியாகப் போவதே இல்லை. பி12 சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். அதுவும் சாப்பாட்டோடு சரியாகக் கலப்பதில்லை. கல்லீரலில் இருக்கும் பழைய பி12 இருப்பு சில வருடம் தாங்கும். அதனால்தான் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதிய அதே ஒரு வருடம்! ஃபோலிக் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறுவதுபோல இருக்கும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும் என்றார். இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள், பி12 ஊசி போட்டார்கள். ரத்தம் ஏறிவிட்டது. விரல் நுனி இன்னும் பாதிதான் என்னுடையது.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு இரைப்பையைக் குறைத்து இரண்டே மாதம். ஓயாத வாந்தி. வேறொரு இடத்தில் வைட்டமின் பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, நடந்தால் தள்ளாடினாள். பி1 குறைந்தால் மூளைவரை பாதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பக்கத்தில் அதற்கு அரை வரி இல்லை. 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் போட இடம் இருந்தது.

எனக்கு நடந்ததை இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை. மழைத் தண்ணீர் நின்றால் எங்கள் பக்கம் வருகிறீர்கள், 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கலந்தபோது வந்தீர்கள், வெட்டுக்குத்து என்றால் முதல் பக்கம். எங்கள் வீட்டுப் பெண்களின் ரத்தம் குறைவது மட்டும் செய்தியாகத் தெரியவில்லை. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு இது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

அந்த வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும் என்றும், இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்றும் எழுதுங்கள். வருடா வருடம் பார்க்க வேண்டிய ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை ஒரு சின்னக் கட்டத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை