விஜிக்கு, ஹெச்எம் ஆனதுக்கு வாழ்த்தோட

அன்புள்ள விஜி,

உன் மெசேஜ் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம்டி. நடுநிலைப்பள்ளி ஹெச்எம்! இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்குத்தான் முட்டி வலி, மாடி ஏற முடியல. சின்னவ பிளஸ் ஒன் போயிட்டா, பயோ மேத்ஸ்.

சயின்ஸ் டீச்சர், மேத்ஸ் டீச்சர் ரெண்டு பேரும் நல்லவங்கதான் ஆனா எல்லாம் போர்டுலயே முடிஞ்சிடுது, இன்னொரு டிரெயினிங் கேக்கலாமான்னு கேட்டிருந்த. வேணாம்டி. பிஆர்சில, அதான் வட்டார வள மையத்துல இருந்து டீச்சருங்களுக்கு டிரெயினிங் குடுக்கற நானே சொல்றேன், ரெண்டு நாள் ஹால்ல பிபிடி பாத்துட்டுப் போறவங்களுக்கு மறுநாள் கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க முன்னாடி பக்கத்துல நிக்க யாரும் இல்ல, அதான் பிரச்சனையே.

முதல்ல சயின்ஸ் சாமான் வச்சிருக்கற பீரோ சாவிய டீச்சர்கிட்ட குடு. நான் போற முக்காவாசி ஸ்கூல்ல லென்ஸ், காந்தம், பீக்கர்னு எல்லாம் இருக்கு, பூட்டியே இருக்கு, ஏன்னா உடைஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல யார் பதில் சொல்றதுன்னு பயம், ஆடிட்ல கேட்டா தன் கைக்காசு போயிடுமோன்னு பயம். ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடு, பிள்ளைங்க கைப்பட்டு உடைஞ்சா நான் கையெழுத்து போடறேன்னு. இத உன்னாலதான் செய்ய முடியும், என்னால முடியாது.

அடுத்தது டைம். ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தையே எடுத்துக்கோ, பேட்டரி, பல்பு, வயர், அவ்ளோதான். ஆனா செல் பழசா இருந்தாலோ வயர் மேல இருக்கற எனாமல சுரண்டாம விட்டாலோ பல்பு எரியாது, பிள்ளைங்க முன்னாடி அப்படி ஆயிட்டா அந்த டீச்சர் அடுத்த தடவ அத தொடவே மாட்டாங்க. முன்னாடியே ஒரு ஃப்ரீ பீரியட்ல தனியா செஞ்சு பாக்கணும். அதுக்கு எமிஸ்ல, அதான் ஸ்கூல் விவரமெல்லாம் ஏத்தற ஆன்லைன் தளத்துல செய்யற என்ட்ரி வேலைய கொஞ்ச நாள் வேற யாருக்காவது மாத்திவிடு, வாரத்துல ஒரு நாள் ரெண்டு பீரியட சேத்துப் போடு. நீயும் போய் உக்காரு, ஆனா நோட்டு பேனா எடுத்துட்டுப் போகாத, வயர் சுரண்டிக் குடு.

அரசுப் பள்ளிகளுக்கு வானவில் மன்றம்னு சயின்ஸ், மேத்ஸ் திட்டம் 2022 நவம்பர்ல வந்துச்சுல்ல, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் கருத்தாளர் வந்து எக்ஸ்பெரிமென்ட் செஞ்சு காட்டறாங்க, பிள்ளைங்க கண்ணு அப்படி மின்னும். ஆனா சில இடத்துல அந்த நேரம் பாத்து டீச்சர் ரிஜிஸ்டர் எழுத உக்காந்துடறாங்க. உன் ஸ்கூல்ல அப்படி விடாத. கருத்தாளர் போனப்புறம் மீதி நாளெல்லாம் கிளாஸ் எடுக்கப் போறது அவங்கதானே.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்துல நடந்த, பிள்ளைங்களே செஞ்சு பாத்து சயின்ஸ் கத்துக்கற திட்டம். 1972ல 16 ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் மாவட்டம் பூரா போச்சு, 2002 வரைக்கும் நடந்துச்சு. கிட் குடுத்ததோட விடல, ஸ்கூலுக்கே ஆள் போனாங்க, டீச்சருங்க மாசா மாசம் கூடி எது வந்துச்சு எது வரலன்னு பேசுனாங்க, பிள்ளைங்க கேள்வி எழுதி அனுப்ப சவாலிராம்னு ஒரு கற்பனை ஆள் கூட இருந்தார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வச்சு உருவம் செய்யறத, கழிவுப் பொருள்ல சயின்ஸ் பொம்மை செய்யற அர்விந்த் குப்தா கண்டுபிடிச்சது அங்கதான். உன் மேத்ஸ் டீச்சருக்கு இது போதும்டி, சதுரம் செஞ்சு அழுத்தினா சாயும், முக்கோணம் அசையாது, அப்ப கூரைக்கு ஏன் முக்கோணமா சட்டம் அடிக்கறாங்கன்னு பிள்ளைங்களே சொல்லும்.

அந்த மாசக் கூட்டத்த நீயே ஆரம்பிக்கலாம், பக்கத்து ரெண்டு மூணு ஸ்கூல் சயின்ஸ், மேத்ஸ் டீச்சருங்க, ஒரு சாயங்காலம், டீயும் சுண்டலும், ரிப்போர்ட் எதுவும் கேக்காத. பதில் தெரியாத கேள்விய அங்க கொண்டு வரட்டும். தெரியல, சேந்து பாப்போம்னு ஒரு டீச்சர் கிளாஸ்ல சொல்லலாம்னு நீ வாயத் திறந்து சொன்னா அவங்களுக்கு எவ்ளோ தைரியம் வரும் தெரியுமா.

முதல் கூட்டத்துக்கு நானும் வரேன், தேதி மட்டும் சனிக்கிழமையா வை. பீரோவ திறந்து என்னென்ன இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பு, எந்தப் பாடத்துக்கு எது ஆகும்னு நான் எழுதித் தரேன்.

அன்புடன்,
உமா