வில்லியம் ஸ்டில் ஐயாவுக்கு

அன்புள்ள வில்லியம் ஸ்டில் ஐயா,

அமெரிக்காவில் அடிமைகளைத் தப்பிக்க வைத்து, அடிமைமுறை இல்லாத வடக்கே கூட்டி வந்த ஹாரியட் டப்மனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அப்படி பிலடெல்பியா வந்து சேர்ந்தவர்களை உட்காரவைத்து, எந்த ஊர், பெற்றோர் யார், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைத்த உங்கள் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1847இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். 1850 ஆகஸ்டில், அலபாமாவில் பணம் சேர்த்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுதலையான பீட்டர் என்பவர் அங்கே வந்தார். சின்ன வயதில் பிரிந்த அப்பா அம்மாவைத் தேடுகிறேன், பெயர் லெவின், சிட்னி என்றார். உங்கள் அப்பா அம்மாவின் பெயர்! அடிமைமுறை இருந்த மேரிலாண்டிலிருந்து இரண்டாம் முறை தப்பியபோது உங்கள் அம்மாவால் இரண்டு பெண்பிள்ளைகளை மட்டும்தான் கூட்டிவர முடிந்தது, மகன்கள் இருவரும் பாட்டியோடு அங்கேயே நின்றுவிட்டார்கள், அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி நீங்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் நீங்கள் பார்த்தேயிராத அண்ணன். இன்னொரு அண்ணன் அடிமையாகவே செத்துப்போயிருந்தார். நல்லவேளை, அம்மா உயிரோடு இருந்தார், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து மகனைப் பார்த்தார்.

அதற்கப்புறம் இன்னும் கவனமாக எழுத ஆரம்பித்தீர்கள், வேறொரு குடும்பமும் இப்படிச் சேரட்டும் என்று. அதே வருஷம் செப்டம்பரில்தான் தப்பியவருக்கு இடம் கொடுத்தாலே ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. அந்தத் தாள்கள் பிடிபட்டிருந்தால் நீங்கள் மட்டுமா, அதில் பெயர் உள்ள அத்தனை பேரும் மாட்டியிருப்பார்கள். ஒரு கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றி, 1872இல் புத்தகமாகவே போட்டுவிட்டீர்கள்.

அடிமைத்தனம் ஒழிந்தால் போதும் என்றும் நீங்கள் இருக்கவில்லை. பிலடெல்பியாவில் குதிரை இழுக்கும் டிராமில் கறுப்பர்களை உள்ளே உட்கார விடாததை 1859லேயே பத்திரிகைக்கு எழுதிக் கண்டித்தீர்கள். உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் விடாமல் மனு, கூட்டம் என்று அலைந்து, 1867இல் அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்தப் போராட்டக் கதையையும் அதே வருஷம் எழுதி அச்சிட்டுவிட்டீர்கள் ஐயா!

அன்புடன்,
உங்கள் வாசகி